இறந்தவர் ஆஜர்

செத்து எட்டு மாதமான மனிதர், போன மாதம் பன்னிரண்டாம் தேதி நேரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"ஒரு தடவை இல்ல மேடம். ஏழு தடவை." அவருடைய மகள் ஆஜர் புத்தகத்தின் மேல் விரலை ஓட்டினாள். "அப்பாவை எடுத்த மறு மாசத்துலேர்ந்து ஒரு வாய்தா விடாம வந்திருக்காரு. இது அப்பா கையெழுத்துதான். எனக்குத் தெரியாதா?"

போஸ்ட்மாஸ்டர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, புத்தகத்துக்கு நாலு விரல் உயரத்தில் கண்ணைக் கொண்டுபோனார். முப்பத்தோரு வருடம் தபால் நிலையத்தில் இருந்தவர். உறையின் மேல் எழுதிய முகவரியைப் பார்த்தே அனுப்பியவரின் வயது, அவசரம், கோபம் மூன்றையும் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டார். துப்பறிவாளர் என்று வாசலில் பலகை மாட்டவில்லை. ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"டிக்கெட் வாங்கிட்டு இறங்கினவர் மறுபடி ஏறியிருக்காரு" என்றார் பின்னால் நின்ற கண்டக்டர். இருபது வருடம் பஸ்ஸில் விசில் ஊதியவர். இப்போது போஸ்ட்மாஸ்டர் அம்மாவின் உதவியாளர். சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் நிற்பவள் செத்தவரின் மகள் என்பது அவருக்கு உறைத்தது. "தப்பா எடுத்துக்காதம்மா. என் வாய்க்கு பிரேக் கிடையாது."

அவள் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு ஊரில் நர்ஸாக இருப்பவள். சாவை நூறு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். செத்தவர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டதை இப்போதுதான் பார்க்கிறாள்.

அது நில வழக்குகளுக்கான வருவாய் நீதிமன்றம். உயரமான கூரை, நீளமான கூடம். ஒரு கோடியில் மேடை, மேடையில் அதிகாரியின் நாற்காலி. தூசி படியாமல் இருக்க அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். இப்போது உறையின் மேல் தூசி படிந்திருந்தது. கீழே பதினொரு மேஜைகள். பத்தின் மேல் கட்டுக் கட்டாகக் கோப்புகள், சிலது கூரையை எட்டிப் பார்க்கும் உயரத்துக்கு. பதினொன்றாவது மேஜையில் மட்டும் ஒரு மனுஷி உட்கார்ந்திருந்தார்.

டைப்பிஸ்ட் அம்மாள். இடுப்பில் சாவிக் கொத்து. ஐம்பது வயதிருக்கும்.

"அதிகாரி எப்போ வருவாரு?" என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டர் அம்மா.

"இருபத்தாறு மாசமா நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"மத்தவங்க?"

"ரெண்டு பேர் மாற்றலாகிப் போனாங்க. அஞ்சு பேர் ரிட்டையர்டு. மீதிப் பேருக்கு இன்னும் ஆளே போடல. இப்ப குமாஸ்தாவும் நான்தான், டைப்பிஸ்ட்டும் நான்தான், வாசல்ல நின்னு பேர் கூப்பிடறதும் நான்தான். பெருக்கறதும்தான்."

"அதிகாரியே இல்லாம எப்படிம்மா கேஸ் நடக்குது?"

"நடக்கல. கூப்பிடறோம். கடைசியா இருந்தவர் எழுதி வச்சிட்டுப் போனாரு. புது ஆள் வர்ற வரைக்கும் பேர் கூப்பிட்டு, வந்தவங்க கையெழுத்து வாங்கி, அடுத்த தேதி கொடுக்கணும்." மேஜையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பைக் காட்டினார். "நானூத்திப் பன்னண்டு கேஸ். இதால குத்திக் குத்தித்தான் இந்த மணிக்கட்டு போச்சு."

"அதுல எத்தனை பேர் உயிரோட இருக்காங்க?"

டைப்பிஸ்ட் அம்மாள் பார்வையைத் தாழ்த்தினார். "கூப்பிடறது என் வேலை. ஆள் இருக்காங்களான்னு பாக்கறது வேற செக்‌ஷன். அந்த செக்‌ஷன்ல ஆள் இல்ல."

மத்தியானம் மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து காலி மேஜைகளின் மேல் கிடந்தது. ஆனாலும் கண்டக்டர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"இவரை நீங்க பார்த்தீங்களா? செத்ததுக்கப்புறம்?"

"புத்தகத்துல இருக்கறதுதான் எனக்குத் தெரியும்." சாவிக் கொத்து ஒருமுறை குலுங்கி நின்றது. "வர்றவங்க சொல்லியிருக்காங்க. இடது பக்க பெஞ்சில, கடைசியில, உக்காந்திருப்பாராம். எப்பவும் அவர் உக்காரற இடம். ஜெராக்ஸ் கடைக்காரர் பார்த்துட்டு ரெண்டு நாள் கடையே திறக்கல."

*

வெளியே படிக்கட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?"

"செத்தவர் மேல புகார் எடுக்க முடியாதுன்னு சிரிச்சாங்க மேடம்."

"கேஸ் எதைப் பத்தினது?"

"பன்னண்டு அடிப் பாதை." அவள் கையை அகலமாக விரித்துக் காட்டினாள். "எங்க வீடு பின்னாடி இருக்கு. முன்னாடி நிலம் சித்தப்பாவோடது. ரோட்டுலேர்ந்து எங்க வீட்டுக்கு வர்ற பாதை பொதுன்னு தாத்தா வாயால சொல்லிட்டுப் போனாரு. அளக்க வந்தவர் அதைச் சித்தப்பா பேர்ல ஏத்திட்டாரு. சித்தப்பா வேலி போட்டாரு. அப்பா கேஸ் போட்டாரு. பத்தொன்பது வருஷம். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல. அப்பா தையல்காரர் மேடம். வாய்தா அன்னிக்கு மட்டும் மெஷினை மூடிட்டு முதல் பஸ்ஸுக்கே கிளம்பிடுவாரு."

விரித்த கையை மடக்கிக்கொண்டாள். "அவர் விழுந்த அன்னிக்கு ஆம்புலன்ஸ் உள்ள வர முடியல. நாற்காலியில உக்கார வச்சு, பக்கத்துத் தோட்டம் வழியாத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. முக்கால் மணி நேரம். நான் வந்து சேர்றதுக்குள்ள... இப்ப வேலையை விட்டுட்டு வீட்டுக்கே வந்துடலாம்னு பாக்கறேன். வேலி இப்ப இல்ல, ஆனா நிலம் அவர் பேர்ல இருக்கற வரைக்கும் எப்ப வேணாலும் மறுபடி போடலாம். பாதை இல்லாம அங்க எப்படி இருக்கறது? அதான் கேஸை என் பேருக்கு மாத்தலாம்னு வந்தேன். வந்தா அப்பா உயிரோட இருக்காரு."

போஸ்ட்மாஸ்டர் அம்மா கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கினார்.

"பெயர்ல வர்ற 'லை'யைப் பாரு. துதிக்கை தூக்கின யானை மாதிரி, பழைய காலத்து லை. எழுத்து மாறினதுக்கப்புறம் பள்ளிக்கூடம் போனவங்களுக்கு அது கையில வராது. பார்த்து எழுதினாலும் கோணும். இங்க கோணவே இல்ல. போட்டவருக்கு அறுபதுக்கு மேல."

"அப்போ அப்பாதானே..."

"பேனாவைப் பாரு. புத்தகத்தோட நூல்ல கட்டின பேனா. முதல்ல எடுக்கறவங்க ஓரத்துல நாலு கிறுக்கு கிறுக்கினாத்தான் மை வரும். அப்பா இருந்த வரைக்கும் கிறுக்கல் எல்லாம் இடது ஓரத்துல இருக்கு. மனுதாரர் பக்கம். முதல் பஸ்ஸுல வர்றவர், அவர்தான் பேனாவை எழுப்புவாரு. செத்தப்புறம் கிறுக்கல் வலது ஓரத்துக்குப் போயிடுச்சு. எதிர்மனுதாரர் பக்கம்."

"பேய்க்கு முதல் பஸ் கிடைக்கல போல" என்றார் கண்டக்டர்.

"இப்ப நாலாவது கையெழுத்து. அன்னிக்கு எதிர்மனுதாரர் கட்டம் காலி. ஆள் வரல. அன்னிக்கு மட்டும் அப்பா வேற பேனாவுல போட்டிருக்காரு. கிறுக்கலும் இல்ல. அன்னிக்கு மட்டும் லையில துதிக்கையும் இல்ல. புது லை."

கண்டக்டர் விசில் அடிக்கப் போய், இடத்தை நினைத்து நிறுத்தினார். "சித்தப்பா லீவு போட்டா பேய்க்கு எழுத்தே மறந்துடுது."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "சித்தப்பாவா? அப்பா மூணு தடவை வராம போனா கேஸ் தானா தள்ளுபடி மேடம். முட்டி வலியில ஏற்கெனவே ரெண்டு தடவை போகல. இன்னொரு தடவை வரலன்னா பாதை சித்தப்பாவுக்கே. சும்மா இருந்தாலே ஜெயிச்சிருப்பாரு. அவர் எதுக்குப் போடணும்?"

"அப்படித் தள்ளுபடியானா வாரிசு மறுபடி திறக்கச் சொல்லலாம். ஆனா இன்னொரு விதி இருக்கே. ஆள் செத்தா தொண்ணூறு நாளுக்குள்ள வாரிசு வந்து சொல்லணும். சொல்லலன்னா கேஸ் அதோட முடிஞ்சுது. அப்பா உயிரோட இருக்காருன்னு புத்தகம் சொல்ற வரைக்கும் உனக்கு யாரும் கடிதம் போட மாட்டாங்க. உனக்கே தெரியாம தொண்ணூறு நாள் ஓடிப் போகும். ஓடியும் போச்சு."

அவள் முகம் இறுகியது. "வேலி பத்தாதுன்னு இதுவுமா?"

"நாளைக்கு வாய்தா" என்றார் போஸ்ட்மாஸ்டர் அம்மா. "வந்து அவர் வாயாலயே கேட்டுக்கலாம்."

*

மறுநாள் காலை பத்தரை மணிக்கு மூவரும் கூடத்தின் பின்பக்கம், கோப்பு அலமாரிகளின் இடுக்கில் நின்றிருந்தார்கள். டைப்பிஸ்ட் அம்மாள் அவர்களைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. முகம் மட்டும் வெளுத்தது.

மின்சாரம் இல்லை. சீலிங் ஃபேன் அசையாமல் தொங்கியது. கூடத்தில் எட்டு பேர் இருக்கலாம். யாரும் யாரோடும் பேசவில்லை.

டைப்பிஸ்ட் அம்மாள் வாசலுக்குப் போய் நின்று பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிட்டுவிட்டு உள்ளே வருவார். பதிலுக்குக் காத்திருப்பார். உறை போட்ட நாற்காலியைப் பார்த்து "வரவில்லை" என்பார். ஸ்டாம்பைக் குத்துவார். மறுபடி வாசலுக்குப் போவார். பத்துப் பெயரில் ஏழெட்டுக்குப் பதில் இல்லை. கூப்பிட்ட குரல் எதிர்ச் சுவரில் மோதி அவரிடமே திரும்பி வந்தது. ஒரு பெயருக்கு மட்டும் முன் பெஞ்சிலிருந்த கிழவர் ஒருவர், "அவர் போன வருஷமே போயிட்டாரும்மா" என்றார். டைப்பிஸ்ட் அம்மாள் அதற்கும் ஸ்டாம்பைக் குத்தினார்.

"எங்கேயும் இறங்காத பாசஞ்சருங்க" என்று முணுமுணுத்தார் கண்டக்டர். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

பதினொன்றேகாலுக்கு அவள் அப்பாவின் வழக்கு எண் வந்தது.

"மனுதாரர்!"

"ஆஜர்."

அவள் கை போஸ்ட்மாஸ்டர் அம்மாவின் தோளைக் கவ்வியது. அது அப்பாவின் குரல். கொஞ்சம் மூக்கால் வரும், கடைசி எழுத்தை லேசாக இழுக்கும் அதே குரல். இடது பக்க பெஞ்சின் கோடியில் ஒரு முதுகு எழுந்தது. அதே கூனல். அதே ஒட்ட வெட்டிய நரை. அலசி அலசி நிறம் போன சட்டை. அதன் காலரின் பின்பக்கம் இரட்டைத் தையல். அந்தத் தையலை ஊரில் ஒருத்தர்தான் போடுவார்.

"அப்பா" என்றாள். சத்தமே வரவில்லை.

"எதிர்மனுதாரர்!"

இடது பெஞ்சிலிருந்து எழுந்த உருவம் நடு வழியைக் கடந்தது. மெதுவாக, ஒரு காலை இழுத்து இழுத்து. வலது பக்க பெஞ்சுக்குப் போய் நின்றது. காலி நாற்காலியைப் பார்த்து நிமிர்ந்தது.

"ஆஜர்" என்றது, அதே குரலில்.

பிறகு மேஜைக்குப் போய், பேனாவை எடுத்து, ஓரத்தில் நாலு கிறுக்கு கிறுக்கி, இரண்டு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டது.

திரும்பியபோது முகத்தில் வெளிச்சம் விழுந்தது. அப்பா இல்லை. சித்தப்பா.

கண்டக்டர் வாசலை மறித்துக்கொண்டார். "ரெண்டு சீட்டுல உக்காந்தா ரெண்டு டிக்கெட் எடுக்கணும் பெரியவரே."

கிழவர் அவரைப் பார்க்கவில்லை. அலமாரிகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்த அண்ணன் மகளைத்தான் பார்த்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

*

பழைய கோப்புகள் அடுக்கிய பக்கத்து அறையில் அவரை உட்கார வைத்தார்கள். போஸ்ட்மாஸ்டர் அம்மா தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

"எதுக்கு சித்தப்பா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை போலிருந்தது. "நான் வந்து சொல்றதுக்குள்ள நாள் போகணும்னா? செத்த மனுஷன் பேர்லயா?"

"நாளா?" அவருக்குப் புரியவில்லை. "எந்த நாள்?"

போஸ்ட்மாஸ்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். மனிதர் நடிக்கவில்லை. தொண்ணூறு நாள் விதியே அவருக்குத் தெரியாது.

"அப்போ நீங்க எதுக்காகப் போட்டீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. போஸ்ட்மாஸ்டர் அம்மா வாங்கிப் படித்தார். நாலே வரி. பாதை பொதுவானது, அளவில் வந்த தவறு எனக்குத் தெரியும், அண்ணனுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். கீழே கையெழுத்து. தேதி, அண்ணன் சாவதற்கு ஒன்றரை வருடம் முன்னால்.

"அண்ணி செத்தப்போ வரல நான்" என்றார் அவர். "அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். அதுக்கப்புறம் தூக்கம் போச்சு. சரி, ஒத்துக்கலாம்னு எழுதிட்டு வந்தேன். அதிகாரி இல்ல. இந்தம்மா, அதிகாரி இல்லாம எழுதிக்க முடியாது, அடுத்த வாய்தாவுக்கு வாங்கன்னாங்க. வந்தேன். அப்பவும் இல்ல. பதினெட்டு வாய்தா இதைப் பையில வச்சுக்கிட்டு வந்தேன். அண்ணன் அந்த பெஞ்சில, நான் இந்த பெஞ்சில."

"ஒரு பெஞ்சுக்கும் இன்னொரு பெஞ்சுக்கும் நாலு அடி சித்தப்பா." அவள் கூடத்தின் பக்கம் கையைக் காட்டினாள். "எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

வெளியே டைப்பிஸ்ட் அம்மாள் யார் பெயரையோ கூப்பிடுவது கேட்டது. பதில் வரவில்லை.

"கோர்ட்டுல ஆரம்பிச்சது, கோர்ட்டுலயே சொல்லணும்னு ஒரு வீம்பு. எல்லாருக்கும் முன்னாடி சொன்னா அண்ணன் நம்புவாருன்னு ஒரு நெனப்பு. அப்புறம் அந்த ஆம்புலன்ஸ் வந்துது." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "சத்தம் கேட்டு ஓடி வந்து வேலியை வெட்டினேன். கம்பியை இழுத்து இழுத்து... ரெண்டு கையும் கிழிஞ்சுது. வழி விட்டுட்டுத் திரும்பிப் பார்த்தா, அவரைத் தோட்டம் வழியாத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மிச்ச வேலியையும் தூணோட பிடுங்கிப் போட்டேன். அடுத்த வாய்தா வந்துது. மனுதாரர்னு கூப்பிட்டாங்க. பதில் இல்லன்னா அதோட கேஸ் முடிஞ்சுது, நிலம் என் பேர்ல நிக்கும். என் பேர்ல நின்னா என் மகன் பேர்ல நின்ன மாதிரி. நிலத்தை விக்க அவனுக்கு எப்பவோ பவர் எழுதிக் கொடுத்துட்டேன். அவன் குடோன்காரங்ககிட்ட பேசி வச்சிருக்கான், தீர்ப்பு வந்த மறுநாளே வித்துடுவான். இந்தக் கேஸ் உயிரோட இருக்கற வரைக்கும்தான் அவனால அந்தப் பாதையைத் தொட முடியாது. என்ன செய்யறதுன்னு தெரியல. வாய் தானா ஆஜர்னு சொல்லிடுச்சு. சொன்னப்புறம் பார்த்தா அது அண்ணன் குரல்." தலையைக் குனிந்தார். "அதுக்கப்புறம் அந்த பெஞ்சில உக்காந்தா அவர் பக்கத்துல உக்காந்த மாதிரி இருந்துது. தப்புதான். அதிகாரி வர்ற வரைக்கும் கேஸை உயிரோட வச்சிருந்தா போதும்னு பட்டுது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டும்மா?"

வில்லனைப் பிடிக்க வந்த போஸ்ட்மாஸ்டர் அம்மா காகிதத்தை மடிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கணக்கில் கை சரி, பேனா சரி, எழுத்து சரி. மனசை மட்டும் தலைகீழாகப் படித்திருந்தார்.

டைப்பிஸ்ட் அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது.

"இப்பதான் தகவல் வந்துது. மூணு மணிக்கு ஒரு அதிகாரி வர்றாராம். நாலு கோர்ட்டுக்குப் பொறுப்பு. செத்தவங்க கேஸ், ஆள் வராத கேஸ் எல்லாத்தையும் இன்னிக்கே மூடச் சொல்லி உத்தரவாம்."

*

அதிகாரி மூன்றரைக்குத்தான் வந்தார். கையில் மதியச் சாப்பாட்டு டப்பா, இன்னும் திறக்காதது. நாற்காலியின் உறையை அவரே உருவினார். தூசி கிளம்பித் தும்மினார். ஒரு மணி நேரத்தில் முப்பது வழக்குகளை மூடினார். ஒவ்வொன்றுக்கும் டைப்பிஸ்ட் அம்மாள் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தார்.

அந்த எண் வந்தபோது அவள் எழுந்தாள். என்ன பேச வேண்டுமென்று போஸ்ட்மாஸ்டர் அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார்.

"மனுதாரர் எங்க அப்பா சார். அவர் இறந்துட்டாரு. எட்டு மாசம் ஆச்சு."

அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "போன மாசம் வந்திருக்காரே?"

"அது நான் போட்டது." சித்தப்பா வலது பெஞ்சிலிருந்து எழுந்தார். "எல்லாமே நான் போட்டதுதான் ஐயா. முதல்ல இதைப் படிச்சிடுங்க. அப்புறம் என்ன தண்டனைன்னாலும் சரி." டேப் ஒட்டிய காகிதத்தை மேஜையில் வைத்தார்.

அதிகாரி படித்தார். ஒருமுறை படித்துவிட்டுத் தேதியைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"எல்லாம் அவர் போட்டதில்ல சார்."

குரல் வந்த இடத்தை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டைப்பிஸ்ட் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். சாவிக் கொத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"நாலாவது நான் போட்டேன். அன்னிக்கு இவருக்குக் காய்ச்சல், வரல. பதினெட்டு தடவை இந்தக் காகிதத்தை நீட்டினாரு சார். பதினெட்டு தடவையும் வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பினது நான். கடைசி தடவை, அந்தத் தையல்காரர் அங்க உக்காந்து பட்டன் காஜா எடுத்துக்கிட்டிருந்தாரு. உயிரோட. ஒரு ஆள் இந்த நாற்காலியில இருந்திருந்தா..."

அதிகாரி பேனாவை மூடினார். கண்களை அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.

"தொண்ணூறு நாள் விதி இருக்கு, தெரியுமாம்மா?" என்றார் அவளிடம்.

"தெரியும் சார். அப்பா இறந்ததை அதிகாரிகிட்ட தெரிவிக்கணும்னு இருக்கு. இங்க இருபத்தாறு மாசமா அதிகாரியே இல்ல. நான் யார்கிட்ட தெரிவிச்சிருப்பேன்?"

கண்டக்டர் போஸ்ட்மாஸ்டர் அம்மாவைப் பார்த்தார். அவர் கூரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். எழுதியபடியே சொன்னார்: "தெரிவிக்க ஆள் இல்லாத நாளை எண்ணக் கூடாது. இன்னிக்குத்தான் முதல் நாள். உங்களை மனுதாரரா சேர்க்கறேன். எதிர்மனுதாரர் ஒப்புக்கொண்டதால பாதை பொதுன்னு முடிக்கறேன்." பேனா நின்றது. "கையெழுத்து விஷயத்தை நான் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. மேலே எழுதத்தான் வேணும். விசாரணை வரும் பெரியவரே."

"வரட்டும் ஐயா."

"உங்களுக்கும்தாம்மா. சட்டப்படி பார்த்தா உங்களை இன்னிக்கே சஸ்பெண்ட் பண்ணணும்." அதிகாரி பத்துக் காலி மேஜைகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "ஆனா அந்த உத்தரவை யார் டைப் அடிக்கறது?"

அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. டைப்பிஸ்ட் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். பாதை வழக்கின் தீர்ப்பை முதலில் அடித்தார். தன்னைப் பற்றிய கடிதத்தை அடுத்து அடித்தார். இரண்டிலும் ஒரு பிழையும் இல்லை.

*

நால்வரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். சித்தப்பா முன் சீட்டில். அவள் கடைசி சீட்டில். மடியில் தீர்ப்பின் நகல்.

இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வேலி இருந்த இடத்தில் கல் தூண் பிடுங்கிய குழிகள் வரிசையாகத் தெரிந்தன. பாதையில் முழங்கால் உயரம் புல். பத்தொன்பது வருடமாக யாரும் நடக்காத பாதை, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவள் புல்லை மிதித்துக்கொண்டு போனாள். கோடியில் சாத்திய கதவும், அப்பா மெஷின் போட்டிருந்த ஜன்னலும்.

பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். கிழவர் சாலையிலேயே நின்றிருந்தார்.

"உள்ள வரலாமாம்மா?"

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். தழும்புகள் இங்கிருந்தே தெரிந்தன. அவள் நர்ஸ். எந்தக் காயம் எத்தனை நாளில் ஆறும் என்று சொல்லத் தெரிந்தவள்.

"இன்னிக்கு வேண்டாம் சித்தப்பா" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை வாங்க."

அவர் தலையாட்டினார். கண்டக்டர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். போஸ்ட்மாஸ்டர் அம்மா பார்த்த பார்வையில், இருபது வருட சர்வீஸில் முதல் முறையாக, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவள் போஸ்ட்மாஸ்டர் அம்மாவுக்குப் போன் பண்ணினாள். ஞாயிறு விடிந்ததுமே சித்தப்பா வந்துவிட்டாராம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கையில் புல் அரிவாளோடு. பாதையில் கால் வைக்கவில்லையாம். அவள் எழுந்து கதவைத் திறந்து, "வாங்க" என்று சொல்லும் வரை ரோட்டிலேயே நின்றிருந்தாராம்.